கடைவாய்ப் பால்பல்

பிப்ரவரி 12
குகை முகாம்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீயும் அத்தானும் வாண்டுவும் சுகமாக இருப்பதாக நம்பிக்கொண்டு எழுதுகிறேன். நம்புவதைத் தவிர வழியில்லை. இந்த மலையில் போனில் சிக்னல் ஒரு கோடுகூட ஏறாது. வாரம் ஒருமுறை தண்ணீர் லாரி வரும். ஓட்டுநர் எங்கள் கடிதங்களைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு இறங்குவார். சட்டையைத் துவைக்கப் போடுவதற்குள் அவருக்கு ஞாபகம் வந்தால் உனக்குக் கடிதம் கிடைக்கும்.

நாள் முழுக்கக் குப்புறப் படுத்துக்கொண்டு பல் தேய்க்கிற பிரஷால் மண்ணை விலக்குகிறேன். "இத்தனை படிச்சது தரை கூட்டவா?" என்று அத்தான் கேட்பார். ஆமாம் என்று சொல்லிவிடு. கூட்டிய மண்ணையும் கொட்டிவிட முடியாது, சல்லடையில் போட்டு அலச வேண்டும். போன வாரம், எப்போதோ யாரோ தீ மூட்டிய கரி அடுக்குக்குப் பக்கத்தில் ஒரு குழந்தையின் கீழ்த்தாடை கிடைத்தது. என் கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். எலும்பு உளுத்துப்போயிருந்தது, பற்கள் மட்டும் நேற்று முளைத்தவை போலப் பளபளவென்று இருந்தன. எங்கள் தலைவரை இங்கே எல்லோரும் தாடி என்போம். வாயை மூடாத மனுஷன். அதைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

உனக்கு இரண்டு சேதி. பெரியதை முதலில் சொல்கிறேன். அருங்காட்சியகத்தில் எனக்கு நிரந்தர வேலை கிடைத்துவிட்டது! ஆகஸ்டில் சேர வேண்டும். இரண்டு அறை வீடு தருகிறார்கள், நடந்துபோகிற தூரத்தில் நல்ல பள்ளிக்கூடம். அக்கா, வாண்டுவின் அப்பா விபத்தில் போனபோது அவள் என் வயிற்றில் இருந்தாள். ஏழு மாதக் குழந்தையை உன் மடியில் போட்டுவிட்டு "ஒரே வருஷம்க்கா" என்று படிக்கப் பறந்தேன். அந்த ஒரு வருஷம் இழுத்துக்கொண்டே போய், படிப்பு முடிந்து, ஒரு குகையிலிருந்து இன்னொரு குகைக்கு என்று இப்போது அவளுக்குப் பதினொன்று ஆகப்போகிறது. இப்போதுதான் எனக்கென்று ஒரு கதவும் பூட்டும் கிடைத்திருக்கிறது. அவளை என்னோடு அழைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்?

இரண்டாவது சின்னது. கடைவாய்ப் பால்பல் ஆடுகிறது என்று எழுதியிருந்தாயே, விழுந்தால் எனக்கு அனுப்பு. பிறந்த தேதி தெரிந்த ஒரு பல்லைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பழைய பல்லைச் சரியாகப் படிக்க முடியும்.

வாண்டுவின் உச்சியில் ஒரு முத்தம். அத்தானுக்கு வணக்கம்.

உன்
தங்கை


மார்ச் 3

அன்புள்ள தங்கைக்கு,

இங்கு எல்லோரும் நலம். அத்தானுக்கு மட்டும் முழங்கால் வலி. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர் லிஃப்ட் ஓடாத கட்டடத்துக்குத்தானே போக வேண்டும்! ஒன்பது மாடி ஏறிப்போய் அதைச் சரிசெய்துவிட்டு, சரிசெய்த லிஃப்டில் ஏறப் பயந்து நடந்தே இறங்கி வருகிறார். கேட்டால், "உள்ளே என்ன இருக்குன்னு எனக்குத்தானே தெரியும்" என்கிறார்.

கண்ணாடிக் கடையில் எனக்கு மூச்சுவிட நேரமில்லை. லென்ஸ் தேய்க்கிற இன்னொரு பெண் பிரசவத்துக்குப் போயிருக்கிறாள். இரண்டு பேர் வேலையும் என் தலையில். விரல் நுனியெல்லாம் மழமழவென்று ஆகிவிட்டது.

வாண்டு நீச்சல் கற்றுக்கொள்கிறாள். போன வாரம் தண்ணீருக்குள் கண்ணைத் திறந்துவிட்டாளாம். வீடு முழுக்க அதே பேச்சு. கணக்கில் மட்டும் சுணக்கம். இருட்டில் படிக்கிறாள், கண்ணாடி போட வேண்டி வருமோ என்று பயமாக இருக்கிறது. என் கடையிலேயே அவளுக்குக் கண்ணாடி செய்ய எனக்கு மனசு வராது.

வேலை கிடைத்ததில் எங்களுக்கு ரொம்பச் சந்தோஷம். நீ பட்ட பாட்டுக்கு இது வர வேண்டியதுதான். குளிரில் படுத்து வேலை செய்கிறாயே, அடியில் கம்பளி ஏதாவது போட்டுக்கொள். நெஞ்சில் சளி கட்டினால் உனக்கு லேசில் விடாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
அக்கா


மார்ச் 15
குகை முகாம்

அன்புள்ள அக்காவுக்கு,

கம்பளி போட்டுக்கொண்டேன், சளி இல்லை. அத்தானின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை. படிக்கும்போது கண்ணில் படாமல் போயிருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன்.

குகைக் குழந்தையைப் பற்றிச் சொல்கிறேன், கேள். பல்லின் எனாமல் வளரும்போது ஒவ்வொரு நாளும் தன்மேல் ஒரு மெல்லிய கோடு போட்டுக்கொள்ளும். மரத்துக்கு வருஷத்துக்கு ஒரு வளையம் என்றால் பல்லுக்குத் தினம் ஒன்று. பிறந்த அன்று விழும் கோடு மட்டும் அழுத்தமாக இருக்கும். வயிற்றுக்குள்ளிருந்து வெளியே வந்து விழுந்த அதிர்ச்சி. குழந்தை தாய்ப்பால் குடித்த காலம், நிறுத்திய காலம் எல்லாம் எனாமலில் உள்ள உப்பிலிருந்து தெரிந்துவிடும். காய்ச்சல் வந்தாலோ பட்டினி கிடந்தாலோ வளர்ச்சி தடுமாறி, கறுப்பாக ஒரு கோடு நின்றுவிடும். அதை அழிக்க முடியாது. எனாமல் ஒருமுறை வளர்ந்தால் வளர்ந்ததுதான். தோலைப் போல ஆறாது, எலும்பைப் போல ஒட்டாது.

எங்கள் குழந்தைக்கு இரண்டு குளிர்காலத்துப் பசி பல்லில் இருக்கிறது. முதலாவதில் தாய்ப்பால் இருந்ததால் கோடு லேசு. இரண்டாவதில் பால் நின்றுபோயிருக்கிறது. அதற்கப்புறம் கொஞ்ச நாளில் திரும்பவும் பால். "யாரோட பால்?" என்று தாடியைக் கேட்டேன். "அதைப் பல்லு சொல்லாதும்மா. பெத்தவளா, பக்கத்துல இருந்தவளா, யாருக்குத் தெரியும்? யாரோ ஒருத்தி எடுத்துக் குடுத்திருக்கா, அவ்வளவுதான்" என்றார். அன்றைக்குக் குழியைவிட்டு எழுந்திருக்கவே எனக்கு மனம் வரவில்லை.

வாண்டுவின் பல்லை மறக்காதே. ஆகஸ்டைப் பற்றியும் ஒரு வரி எழுது.

உன்
தங்கை


ஏப்ரல் 20

அன்புள்ள தங்கைக்கு,

நலம். நீயும் நலம்தானே? எழுத நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. கடையில் வேலை, அத்தானுக்குக் கால், வாண்டுவுக்குப் பரீட்சை என்று ஒன்று மாற்றி ஒன்று.

நீ கேட்ட பல் போன வாரம் விழுந்தது. விழுந்ததுதான் தெரியும், எங்கே போனதென்று தெரியவில்லை. கட்டிலுக்கு அடியிலெல்லாம் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. உங்கள் ஆய்வுக்கு வேறு யாராவது குழந்தையின் பல் கிடைக்காதா? ஊரில் குழந்தைகளுக்கா பஞ்சம்.

ஆகஸ்டுக்கு இன்னும் நாளிருக்கிறதே, பேசிக்கொள்வோம். பள்ளி மாற்றுவதென்றால் லேசான காரியமில்லை.

மழை வரும்போல் இருக்கிறது. கொடியில் துணி கிடக்கிறது, எடுக்கப் போகிறேன்.

உன்
அக்கா


ஏப்ரல் 22

அன்புள்ள குகையம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களா? குகைக்குள்ள வௌவால் இருக்கா? இருந்தா அது உங்க மேல என்ன செய்யும்னு எனக்குத் தெரியும்.

இந்தக் கடிதத்தோட பல்லு வெச்சிருக்கேன். இது தொலையலே. அம்மா லென்ஸ் டப்பாவுல பஞ்சுக்குள்ள வெச்சிருந்தாங்க. அம்மா பொய் சொல்ல மாட்டாங்க, அதனால மறந்துட்டாங்கன்னு நினைக்கிறேன். ரத்தத்தை நானே கழுவிட்டேன். ஒரு பக்கம் கொஞ்சம் மஞ்சளா இருக்கும், அது நான் சரியா தேய்க்காததால. அதை யார்கிட்டயும் காட்டாதீங்க.

உங்க கடிதமெல்லாம் அம்மா அலமாரி மேல வெப்பாங்க. ஸ்டூல் போட்டா எனக்கு எட்டும். எனக்கு "பெரியம்மா" சொல்ல வராம "பெரி"யை விட்டுட்டு "அம்மா"ன்னு கூப்பிட ஆரம்பிச்சேனாம், அப்பறம் அப்படியே நின்னுடுச்சாம். பெரியப்பாவும் அப்படியே அப்பா ஆயிட்டாங்க, அவங்கதான் சொன்னாங்க. அதனால உங்களை என்னன்னு கூப்பிடறதுன்னு தெரியாம குகையம்மான்னு வெச்சிருக்கேன். பிடிக்கலேன்னா சொல்லுங்க.

நீங்க போற ஊர் ஸ்கூல்ல நீச்சல் குளம் இருக்கா? நான் கேட்டதை அம்மாகிட்ட எழுதாதீங்க. அம்மா பாவம்.

பல்லு போதுமா, இல்லே இன்னொண்ணு வேணுமா? இன்னொண்ணும் ஆடுது.

இப்படிக்கு,
வாண்டு


மே 30

அக்கா,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. மன்னித்துக்கொள்.

வாண்டு பல்லை அனுப்பினாள். அவளைத் திட்டாதே. ஆய்வகத்துக்கு எடுத்துப்போய் நானே பிசினில் பதித்து, நானே அறுத்து, தாள் மாதிரி ஆகும்வரை தேய்த்து, மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். இதுவரை எத்தனையோ பல் அறுத்திருக்கிறேன். இதற்கு மட்டும் இயந்திரத்தை இரண்டுமுறை அணைத்துவிட்டு மறுபடி போட்டேன்.

பிறந்த கோடு இருந்தது. ஆஸ்பத்திரியில் அவளைக் கழுவி என் நெஞ்சின் மேல் படுக்க வைத்த நாள். அதற்குப் பிறகு கோடுகள் சீராக, அழகாக வந்தன. என் பால். ஏழாவது மாதம் முடியும் இடத்தில் கறுப்பாக ஒரு பட்டை. கோடு இல்லை அக்கா, பட்டை. அதற்கப்புறம் சில வாரங்களுக்குக் கோடுகள் ஒன்றோடொன்று நெருங்கிக் கிடக்கின்றன, வளரவே தெம்பில்லாத மாதிரி. யாருடைய பல் என்று சொல்லாமல் கூட வேலை செய்கிறவளிடம் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, "ஐயோ பாவம், இது பிழைச்சுதா?" என்று கேட்டாள். பத்தாயிரம் வருஷத்துக்கு முந்தையது என்று நினைத்துக்கொண்டாள்.

நான் கிளம்பிய மாதம் அது. அப்போது நீ எழுதிய கடிதங்கள் என் பெட்டியில் இருக்கின்றன. "குழந்தை கொழுகொழுவென்று இருக்கிறாள், கவலைப்படாமல் படி" என்று எழுதியிருக்கிறாய். என் குழந்தை செத்துப் பிழைத்திருக்கிறாள், எனக்கு ஒரு வார்த்தை கிடையாது! பல்லைக் கேட்டபோதும் தொலைந்தது என்றாய். பார்த்தால் தெரிந்துவிடும் என்றுதானே? இதை மறைக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது? வளர்த்தவள் என்றால் எல்லாவற்றையும் நீயே தீர்மானித்துவிடுவாயா?

ஆகஸ்டில் வந்து அவளை அழைத்துப் போகிறேன். இந்தமுறை கேட்கவில்லை, சொல்கிறேன்.

தங்கை


ஜூலை 9

அன்புள்ள தங்கைக்கு,

இங்கு யாவரும் நலம். உன் கடிதம் வந்து வெகுநாளாகிறது. எடுப்பேன், மடித்து வைத்துவிடுவேன்.

சொல்லாமல் விட்டது என் தப்புதான். நீ போன மறுநாளிலிருந்து குழந்தை பாட்டிலைத் தொடவில்லை. ஸ்பூனால் கொடுத்தால் துப்பினாள். பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன். உன் பழைய புடவையைப் போர்த்திக்கொண்டு மடியில் போட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரம் முகர்ந்து பார்த்தாள், அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குமேல் வாந்தி, பேதி. ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்றக் கையில் நரம்பு கிடைக்கவில்லை, காலிலும் கிடைக்கவில்லை, கடைசியில் தலையில் மயிரைச் சிரைத்துவிட்டு ஏற்றினார்கள். அழக்கூட அவளுக்குச் சத்தமில்லை. நானும் அத்தானும் மாற்றி மாற்றித் தூக்கி வைத்திருந்தோம், படுக்கையில் போட்டாலே உடம்பு விறைத்துக்கொள்ளும். ஒருநாள் தானாக என் சுண்டுவிரலைப் பிடித்துச் சப்பினாள். விரலில் பாலைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். அப்படித்தான் தேறினாள்.

நீ தனியாக, தெரியாத ஊரில், புருஷனைப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாய். உனக்கு எழுதி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன். எழுதியிருக்க வேண்டும். நடந்தது நடந்துபோச்சு.

ஆகஸ்டில் வா. அவள் துணிமணியை எடுத்து வைக்கிறேன். இருமலுக்கு அவளுக்கு ஒத்துவரும் மருந்தின் பெயரைத் தனியாக எழுதித் தருகிறேன். மற்றதெல்லாம் அவளே சொல்லுவாள், வாய் இருக்கிறது.

உன்
அக்கா


ஜூலை 11

அன்புள்ள மச்சினிக்கு,

நலம். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. உன் அக்காவுக்குத் தெரியாமல் வேலை இடத்திலிருந்து எழுதுகிறேன்.

அவள் உனக்கு எழுதியதைத் தபாலில் போடும் முன் என்னிடம் படிக்கக் கொடுத்தாள். அவள் சொல்லாததை நான் சொல்லிவிடுகிறேன். குழந்தை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எதிரே இருந்த பூத்திலிருந்து உனக்குப் போன் செய்தேன். நீதான் எடுத்தாய். "டாக்டர் பெத்தவளை வரச் சொல்றார்ம்மா, உடனே கிளம்பு" என்றேன். "அக்கா எப்பவுமே சின்ன விஷயத்துக்கும் பயந்துக்குவா அத்தான். எனக்கு இந்த வாரம் நேர்முகத் தேர்வு, விட்டா உதவித்தொகை போயிடும். முடிஞ்சதும் வரேன்" என்றாய். மறுபடி கூப்பிட்டேன். வேறு யாரோ எடுத்து, நீ வெளியே போயிருப்பதாகச் சொன்னார்கள்.

உன் அக்காவிடம் லைன் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருஷமும் அப்படியே இருக்கிறது. இப்போதும் சொல்லியிருக்க மாட்டேன். "உனக்கு யார் உரிமை கொடுத்தது" என்று கேட்டிருந்தாய் பார், அதைப் படித்துவிட்டு அவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் கிடையாது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அத்தான்


ஆகஸ்ட் 25
அருங்காட்சியகக் குடியிருப்பு

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

புது வீட்டுக்கு வந்துவிட்டேன். இங்கே போனில் சிக்னல் நன்றாகவே ஏறுகிறது. எடுத்து உன் எண்ணை அழுத்த விரல் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அந்த வருஷம் அத்தான் எனக்குப் போன் செய்தார், அக்கா. லைன் கிடைக்கவில்லை என்று அவர் உன்னிடம் சொன்னது பொய். என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய். நான்தான் எடுத்தேன். விடுதி வராந்தாவில் சுவரில் மாட்டிய போன். எனக்குப் பின்னால் இரண்டு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். என் கையில் தேர்வுக்கான தாள். அவர் "பெத்தவளை வரச் சொல்றார்" என்று சொன்னது காதில் விழுந்தது. "அக்கா எப்பவுமே பயந்துக்குவா" என்று நான் சிரித்துக்கொண்டே சொன்னதும் இப்போது காதில் விழுகிறது. தேர்வு முடிந்த அன்றே, குழந்தை நலம் என்று உன் கடிதம் வந்தது. அதைப் படித்த நிம்மதியில் அந்தப் போனையே மறந்துபோனேன். மறந்தே போனேன் அக்கா! அத்தான் எழுதும்வரை, அப்படி ஒரு போன் வந்ததாகவே எனக்கு நினைவில்லை. யாரோ ஒரு குழந்தையின் பசியை அத்தனை வருஷம் கழித்துப் படிக்கத் தெரிந்தவளுக்கு இது மறந்துபோச்சு.

போன கடிதத்தில் நான் எழுதியதை எரித்துவிடு.

வாண்டுவை அழைத்துப்போகும் பேச்சை விட்டுவிட்டேன். எனக்கு அந்த யோக்கியதை இல்லை. பெட்டியைப் பிரித்து அவள் துணியைத் திரும்ப அடுக்கிவிடு. அவள் உன் குழந்தை. இனி நான் கேட்க மாட்டேன். வந்து தொந்தரவும் செய்ய மாட்டேன்.

உன்
தங்கை


செப்டம்பர் 6

அன்புள்ள தங்கைக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது.

அத்தானுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்துவிடும். அன்றைக்கு அவர் பூத்திலிருந்து வரும்போதே பார்த்தேன், இரண்டு காதும் நெருப்பு மாதிரி. எல்லாம் எனக்கு அன்றைக்கே தெரியும். நான் எழுதிய "நலம்" கடிதத்தைக் குழந்தையின் தலையில் ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போதுதான் எழுதினேன். இவள் இல்லாமல் போனால் படிப்பாவது உனக்கு மிஞ்சட்டும் என்று நினைத்தேன். அது சரியா தப்பா என்று இன்னமும் தெரியவில்லை. அதை விடு.

இப்போது நீ செய்திருப்பதற்கு உன்னைக் கூப்பிட்டு வைத்துத் திட்ட வேண்டும். ஜூலையிலிருந்து அவள் பை கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. வேண்டாமென்று சொல்லியும் கேட்காமல் நீச்சல் உடையை மேலே வைத்திருந்தாள். ஆகஸ்ட் பிறந்ததிலிருந்து மாடி ஜன்னலைவிட்டு நகரவில்லை. எந்த ஆட்டோ நின்றாலும் எட்டிப் பார்த்தாள். எனக்கு வயிறு எரிந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். இப்படித் துள்ளிக்கொண்டு கிளம்புகிறாளே என்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அது என் பாடு.

உன் கடிதம் வந்ததும், "குகையம்மா வரலியாம்" என்று சொன்னேன். "ஏன்?" என்றாள். கடிதத்தை மடித்து வைத்தேன். "என் பல்லு நல்லா இல்லியா?" என்று கேட்டாள். அப்புறம் போய்ப் பையிலிருந்த நீச்சல் உடையை எடுத்து அலமாரியில் வைத்தாள். இப்போது நீச்சலுக்கும் போவதில்லை.

நீ உன்னைத் தண்டித்துக்கொள்கிறேன் என்று அவளைத் தண்டித்துவிட்டாய். அன்றைக்கும் அவளைக் கேட்கவில்லை, அப்போது அவளுக்கு வாய் வராது. இப்போது வாய் வந்தும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை. பல்லை ஒளித்து வைத்தவள்தானே நான்.

அவள் பேருக்கு ஒரு கடிதம் போடு. இத்தனை வருஷத்தில் அவள் பேருக்கு நீ ஒன்றுகூடப் போட்டதில்லை, உனக்குத் தெரியுமா?

உன்
அக்கா


டிசம்பர் 27
அருங்காட்சியகக் குடியிருப்பு

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம். அத்தானின் காலுக்குக் குளிர் ஆகாது, கவனம்.

என் முதல் மூன்று கடிதத்துக்கும் வாண்டு பதில் போடாதது உனக்குத் தெரியும். நாலாவதுக்கு "வரேன். லீவுக்கு மட்டும்" என்று எழுதினாள். அவள் பேருக்குக் கடிதம் எழுதுவது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா? பதினொரு வயதுப் பெண்ணுக்கு என்ன எழுதுவதென்று பக்கத்து வீட்டுக்காரியைப் போய்க் கேட்டேன்.

வந்த அன்று ரொம்ப மரியாதையாக இருந்தாள். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தாள். "நன்றி" என்றாள். விருந்தாளி மாதிரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். "பக்கத்துலயே நீச்சல் குளம் இருக்கு, போகலாமா?" என்றேன். "இப்ப பிடிக்கலே" என்றாள். ஆகஸ்டில் கேட்டிருந்தால் குதித்திருப்பாள். கேட்பதற்கும் ஒரு காலம் இருக்கிறது, நான் எப்போதும் அது தாண்டித்தான் போய் நிற்கிறேன்.

இன்றைக்கு, மூன்றாம் நாள், அவளாகவே, "என் பல்லைப் பாக்கலாமா?" என்றாள். ஆய்வகத்துக்கு அழைத்துப் போனேன். ஸ்டூலில் மண்டியிட்டு மைக்ரோஸ்கோப்பில் குனிந்தாள். திருகைத் திருப்பக் கற்றுக்கொடுத்தேன். சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

"இதுல நான் எங்க பொறந்தேன்?"

காட்டினேன்.

"இந்தக் கறுப்பு என்ன?"

நீங்கள் யாரும் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் சொல்லாமல் விட்டிருக்கலாம். அவளாகவே வேறெதையாவது நினைத்துக்கொண்டிருப்பாள்.

"அப்ப நீ ரொம்ப சீக்கா இருந்தே. டாக்டர் என்னை வரச் சொன்னார். அப்பா போன்ல கூப்பிட்டார். நான் வரலே."

"வர முடியலியா?"

"முடிஞ்சிருக்கும். வரலே."

அவள் நிமிரவில்லை. திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே இருந்தாள். எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. அப்புறம், "இதுக்கப்பறம் கோடெல்லாம் திரும்ப நல்லா வருதே. யாரு சரி பண்ணினாங்க?" என்று கேட்டாள்.

"உங்கம்மா" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள், தெரிந்ததையே சொன்ன மாதிரி. ஸ்டூலிலிருந்து இறங்கி, "பசிக்குது" என்றாள். வழியில் ரொட்டி வாங்கிச் சாப்பிட்டோம். பெஞ்சில் எனக்கும் அவளுக்கும் நடுவே அவள் பையை வைத்திருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நகர்ந்து உட்காரவில்லை. நானும் நகரவில்லை.

இன்றைக்குச் சாயங்காலம், "நான் ஊருக்குப் போகட்டுமா? அம்மா ஞாபகம் வருது. உங்க மேல கோவம் இல்லே" என்றாள். லீவு முடிய இன்னும் நாலு நாள் இருக்கிறது. இருக்கச் சொல்ல வாய்வரை வந்தது. "நாளைக்கே போகலாம்" என்றேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது எனக்கு எப்படி இருந்தது என்பதை எழுத வேண்டாம். அடுத்த லீவுக்கு வருவாயா என்று கேட்டேன். "கேட்டு எழுதுங்க, யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். கேட்டு எழுதுவேன். ஒவ்வொரு லீவுக்கும் கேட்டு எழுதுவேன். அவள் வேண்டாம் என்றால் அடுத்ததற்குக் கேட்பேன்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. பேருந்தில் கொண்டுவந்து உன் கையிலேயே தருகிறேன். நேரில் பேச ஆரம்பித்தால் நான் பாதியில் நிறுத்திவிடுவேன், அதனால் எழுதி வைத்தேன். நாளைக்குச் சாயங்காலம் வண்டி வந்து சேரும் என்று வாண்டு உனக்குப் போனில் சொல்லிவிட்டாள். பேருந்து நிலையத்தில் நீ முன்னால் நிற்பாய். இறங்கியதும் அவள் உன்னிடம்தான் ஓடி வருவாள். நான் பெட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் வருகிறேன்.

உன்
தங்கை